ஐசியை மாற்றினால் இரைச்சல் போகுமா?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் பழைய செட் ஒன்றில் இருந்து கழற்றிய ஆறரை அங்குல ஸ்பீக்கர் பெட்டி இரண்டு இருக்கிறது, 8 ஓம். கல்முனையில் வாங்கிய டிடிஏ2030 என்ற அம்ப் ஐசி பூட்டிய ஸ்டீரியோ போர்ட் ஒன்று, 12-0-12 வோல்ட் 2 அம்பியர் ட்ரான்ஸ்போமர் ஒன்று. எல்லாவற்றையும் பூட்டிவிட்டார், பாட்டும் வருகிறது. ஆனால் வொலியூமைப் பூச்சியத்தில் வைத்தாலும் 'ம்ம்' என்று இரைகிறது, கொஞ்சம் கூட்டினால் குரல் பிசிறுகிறது, ஐசியின் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கில் கை வைக்க முடியவில்லை. "எல்எம்3886 போட்டால் 68 வாட் வரும், இரைச்சலும் இராது என்கிறார்கள். அதை வாங்கவா? ஊரில் கூத்துப் பழகும் இடத்திலும் அதையே பாவிக்கலாமா?" என்பது கேள்வி.

தம்பி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் மூன்று முறைப்பாட்டில் ஒன்றுகூட ஐசியின் குற்றம் இல்லை. இதே ட்ரான்ஸ்போமர், இதே வயரிங், இதே ஹீட்சிங்கில் எல்எம்3886ஐப் போட்டால் அதே இரைச்சலும் அதே சூடும் கூடுதல் காசுக்கு வரும். இந்த வகை அம்பில் ஐசி மிகச் சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் கரண்ட் எப்படி உள்ளே வருகிறது, சூடு எப்படி வெளியே போகிறது, கிரவுண்ட் வயர் எந்த வழியால் போகிறது என்பதில் இருக்கிறது.

முதலில் அந்த 68 வாட் கதையைப் பார்ப்போம். எல்எம்3886இன் தரவுத்தாளில் 68 வாட் என்று இருப்பது உண்மை. ஆனால் அது 4 ஓம் ஸ்பீக்கருக்கு, கூட்டல் கழித்தல் 28 வோல்ட், அதாவது கிரவுண்டுக்கு மேலே 28உம் கீழே 28உம், கொடுத்தால். அதே வோல்டில் 8 ஓமுக்கு 38 வாட் என்றும் அதே தாளில் இருக்கிறது. உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். எந்த ஐசி ஆனாலும் ஸ்பீக்கருக்கு எவ்வளவு போகும் என்பதை வோல்ட்தான் தீர்மானிக்கிறது. ஒரு பக்க வோல்டில் ஐசி விழுங்கும் இரண்டு மூன்று வோல்டைக் கழியுங்கள், வருவதை அதாலேயே பெருக்குங்கள், ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். உங்களுடையது 12 வோல்ட் ஏசி. அதை 1.414ஆல் பெருக்கி டயோட்டுக்கு ஒன்று கழித்தால் 16 வோல்ட் டிசி. பதினாறில் மூன்று போனால் பதின்மூன்று. 169ஐ 16ஆல் வகுத்தால் பத்தரை வாட். இந்த 12-0-12இலேயே எல்எம்3886ஐப் போட்டாலும் அதே பத்து வாட் சொச்சம்தான்.

சரி, பெரிய ட்ரான்ஸ்போமரும் வாங்கி 38 வாட் எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். காதுக்கு எவ்வளவு கூடும்? ஐந்து டெசிபெல் சொச்சம். சத்தம் இரண்டு மடங்கானதுபோலக் காதுக்குத் தெரிய ஏறத்தாழ பத்து டெசிபெல் வேண்டும், அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். 89 டெசிபெல் என்று குறித்த ஒரு சாதாரண ஸ்பீக்கர், ஒரு வாட்டிலேயே ஒரு மீற்றர் தூரத்தில் கதைக்கிறவரின் குரலை மூடிவிடும். ஒரு அறைக்குள் நீங்கள் பாவிப்பது பெரும்பாலும் அந்த முதல் ஓரிரு வாட்தான், மிச்சம் மத்தளத்தில் விழும் அடிபோலத் திடீரென்று எழும்பும் இடங்களுக்கு. ஆகவே வாட்டைத் துரத்த வேண்டாம்.

இப்போது உங்கள் போர்டைப் பார்ப்போம். சூட்டில் இருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் அரை மணித்தியாலம் அம்பை ஓட விடுங்கள். டிடிஏ2030 சும்மா இருக்கும்போது 40 மில்லி அம்பியர் அளவில் எடுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 32 வோல்டில் அது ஒரு வாட் சொச்சம். ஹீட்சிங்க் இளஞ்சூடாக மட்டும் வரவேண்டும். பாட்டே இல்லாமல் கை சுடுகிறது என்றால் ஐசி உங்களுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் தானாக ஊளையிடுகிறது. அதைத்தான் ஒசிலேஷன் என்கிறோம். குரல் பிசிறுவதும் பல நேரம் இதனால்தான்.

ஒசிலேஷனுக்கு இந்த போர்ட்களில் வழமையாக மூன்று காரணம். ஒன்று, வெளியீட்டுக் காலில் இருந்து கிரவுண்டுக்கு 1 ஓம் ரெசிஸ்டரும் 0.1 அல்லது 0.22 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரும் தொடராக இருக்க வேண்டும். விலை குறைந்த கிட்டில் இது விடுபட்டிருக்கும், அல்லது அந்த ரெசிஸ்டர் கருகியிருக்கும். கருகியிருந்தால் ஒசிலேஷன் இருந்ததற்கு அதுவே சாட்சி. இரண்டு, ஐசியின் 3ஆம், 5ஆம் காலுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். போர்டின் மறு மூலையில் இருந்தால் இல்லாத மாதிரித்தான், போர்டின் பின்பக்கத்தில் காலோடு காலாக வைத்து ஈயம் பிடியுங்கள். மூன்று, யாரோ 'இரைச்சல் குறையும்' என்று சொல்லி கெயினை, அதாவது ஐசி எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, குறைத்திருக்கலாம். டிடிஏ2030 24 டெசிபெலுக்கு, அதாவது ஏறத்தாழ 16 மடங்குக்கு, மேலே வைத்தால்தான் அமைதியாக இருக்கும். 22 கிலோ ஓமும் 680 ஓமும் போட்ட வழமையான சுற்றில் 33 மடங்கு. அதை மாற்ற வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதைப் பார்க்காமல் விட்டால் ஐசி போய்விடும். டிடிஏ2030இன் முதுகில் உள்ள உலோகத் தகடு உள்ளே 3ஆம் காலோடு, அதாவது கழித்தல் வோல்டோடு சேர்ந்தது. ஒற்றை சப்ளையில் ஓடும் போர்டில் 3ஆம் கால் கிரவுண்ட், அதனால் ஹீட்சிங்கைப் பெட்டியில் நேரே முறுக்கினாலும் ஒன்றும் நடக்காது. உங்களுடையது 12-0-12, இரட்டை சப்ளை. அங்கே ஹீட்சிங்க் முழுவதும் கழித்தல் 16 வோல்டில் நிற்கிறது. அது பெட்டியைத் தொட்டால் சப்ளை ஷோர்ட். கூட்டாளியின் அம்பில் நேரே முறுக்கியிருந்தார்கள், எனக்கு மட்டும் பியூஸ் போகிறது என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் கதை இதுதான். மைக்கா தகடும், ஆணிக்கு பிளாஸ்டிக் வாஷரும் போடுங்கள், இரண்டு பக்கமும் வெள்ளைப் பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள். முறுக்கின பிறகு தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். பீப் சத்தம் வரக்கூடாது.

அடுத்தது இரைச்சல். நான் திருத்தப் பார்த்த அம்ப்களில் பத்தில் எட்டு இந்த இடத்தில்தான் சறுக்கியிருந்தது, அதனால் கொஞ்சம் நின்று கதைப்போம்.

எந்த இரைச்சல் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். உள்ளீட்டு வயரைக் கழற்றிவிட்டு, போர்டின் உள்ளீட்டுக் காலைக் கிரவுண்டோடு சின்ன வயரால் சேருங்கள். இரைச்சல் நின்றால் போர்டும் சப்ளையும் நல்லது, குற்றம் வொலியூம் கொன்ட்ரோலிலோ அதற்குப் போகும் வயரிலோ போனிலோ லப்டொப்பிலோ இருக்கிறது. லப்டொப்பின் சார்ஜரைப் பிடுங்கியவுடன் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். வொலியூம் பொட்டின் உலோக உடலைத் தொடும்போது இரைச்சல் மாறுகிறதா? அந்த உடலுக்குக் கிரவுண்ட் கொடுக்கவில்லை. உடலைச் சுரண்டி ஒரு வயர் ஈயம் பிடித்து உள்ளீட்டுக் கிரவுண்டோடு சேருங்கள்.

உள்ளீட்டைச் சேர்த்த பிறகும் இரைகிறது என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆழமான, உருண்டையான 'ம்ம்' என்றால் அது 50 ஹெர்ட்ஸ்: ட்ரான்ஸ்போமரின் காந்தப் புலம் வயரில் ஏறுகிறது. ட்ரான்ஸ்போமரைக் கையில் தூக்கிக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், குறையும் கோணம் ஒன்று இருக்கும். கையில் பிடிக்க முன் பிளக்கைக் கழற்றி 230 வோல்ட் முனைகளுக்கு ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொஞ்சம் கரகரத்த, வண்டு இரைவது போன்ற சத்தம் என்றால் அது 100 ஹெர்ட்ஸ், டயோட்களில் இருந்து வருவது. அங்கேதான் கிரவுண்ட் வயரின் வழி முக்கியமாகிறது.

டயோட் பிரிட்ஜ் கப்பாசிட்டரை நிரப்புவது தொடர்ச்சியாக அல்ல. செக்கனுக்கு நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் மிகக் குறுகிய நேரத்துக்குப் பல அம்பியர் பாய்ச்சலாக ஓடும். அந்தப் பாய்ச்சல் ட்ரான்ஸ்போமரின் நடு முனையில் இருந்து இரண்டு பெரிய கப்பாசிட்டர்களின் சந்திக்கு வரும் வயரில் போய்வருகிறது. அந்த வயருக்கும் கொஞ்சம் தடை உண்டு, அதனால் அதில் சில மில்லிவோல்ட் எழும். உங்கள் உள்ளீட்டுக் கிரவுண்டை அந்த வயரில் எங்காவது நடுவில் ஒட்டினீர்களோ, அந்த மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்து 33 மடங்காகப் பெருகி ஸ்பீக்கருக்குப் போகிறது. இரைச்சல் என்பது வேறொன்றும் இல்லை.

ஆகவே வயரை இப்படிப் போடுங்கள். ட்ரான்ஸ்போமரின் நடு முனை முதலில் இரண்டு கப்பாசிட்டர்களின் சந்திக்கு. அந்தச் சந்தியில் இருந்து தடித்த செப்புக் கம்பி ஒன்று, இரண்டு அங்குலம் போதும், ஒரு தனிப் புள்ளிக்கு. மற்ற எல்லாக் கிரவுண்டும் அந்தப் புள்ளியில் இருந்துதான் புறப்பட வேண்டும்: இடது ஸ்பீக்கரின் கறுப்பு வயர், வலது ஸ்பீக்கரின் கறுப்பு வயர், 1 ஓம் ரெசிஸ்டர், கப்பாசிட்டர் சோடியின் கிரவுண்ட், பெட்டிக்குப் போகும் வயர், கடைசியாக உள்ளீட்டுக் கிரவுண்ட். ஸ்பீக்கரின் கறுப்பு வயரைப் போர்டின் உள்ளீட்டுப் பக்கத்துக் கிரவுண்டில் ஈயம் பிடித்திருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். போர்டில் அதற்கென்று ஓட்டை இருந்தாலும் அதைப் பாவிக்காமல் நேரே அந்தப் புள்ளிக்கு இழுங்கள். இதைச் செய்தவுடன் இரைச்சலில் பெரும்பகுதி நின்றுவிடும்.

மூன்றாவது, கூட்டினால் பிசிறுவது. சூடு காரணமில்லை என்று உறுதியான பிறகும் இருந்தால் கப்பாசிட்டரைப் பாருங்கள். உங்கள் போர்டில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 2200 மைக்ரோஃபராட் இருக்கும். ஒரு அம்பியர் இழுக்கும்போது அதில் வோல்ட் நாலு வரை ஏறி இறங்கும், பதினாறு வோல்டில் நாலு போனால் என்ன மிஞ்சும்? 4700 போட்டால் இரண்டு, 10000 போட்டால் ஒன்று. அதற்கு மேலே போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் டிடிஏ2030 அமைதியாகப் பாடும். அதோடு நிறுத்தலாம். ஆனாலும் ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசை போகாது என்று தெரியும், ஆகவே அடுத்த படியையும் சொல்கிறேன்.

அடுத்த படி எல்எம்3886 அல்ல, எல்எம்1875. டிடிஏ2030இன் ஐந்து காலும் இதன் ஐந்து காலும் ஒரே ஒழுங்கு: உள்ளீடு, எதிர் உள்ளீடு, கழித்தல், வெளியீடு, கூட்டல். உங்கள் போர்டிலேயே கழற்றி மாற்றலாம். கூட்டல் கழித்தல் 25 வோல்டில் 8 ஓமுக்கு 20 வாட் தரும், மொத்தம் 60 வோல்ட் வரை தாங்கும். 18-0-18 ட்ரான்ஸ்போமர் அதற்கு அளவாகப் பொருந்துகிறது. கணக்குப்படி 24 சொச்சம் வரும். சுமை இல்லாதபோது கொஞ்சம் ஏறி நிற்கும், ராவில் லைன் வோல்ட் 240க்குப் போனாலும் 28ஐத் தாண்டாது. ஆனால் போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் 25 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஐசியை மாற்ற முன் அவற்றை 35 வோல்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் 18-0-18ஐக் கொண்டுபோய் பழைய டிடிஏ2030க்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம், அதன் எல்லை கூட்டல் கழித்தல் 18 வோல்ட். ஏ என்ற எழுத்து சேர்ந்த டிடிஏ2030ஏ கூட 22 வரைதான். உண்மையில் 12-0-12இலேயே சுமை இல்லாதபோது நீங்கள் 18ஐ எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ட்ரான்ஸ்போமரைக் கடையில் '18-0-18, 3 அம்பியர்' என்று கேளுங்கள். கையில் வாங்கித் தூக்கிப் பாருங்கள். நூறு வாட் அளவில் உள்ள இரும்பு ட்ரான்ஸ்போமர் ஒன்றரைக் கிலோவாவது இருக்க வேண்டும். மூன்று அம்பியர் என்று ஒட்டியிருந்தும் இலேசாக இருந்தால் இரும்பைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது செப்புக்குப் பதில் அலுமினியம் சுற்றியிருக்கிறார்கள். பழைய யூபிஎஸ் ட்ரான்ஸ்போமரைப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். அது பற்றரியில் இருந்து பத்து நிமிடம் ஓடுவதற்கு அளவெடுத்தது, வோல்டும் உங்களுக்குப் பொருந்தாது. விட்டுவிடுங்கள்.

ஐசியை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. கொழும்பு புறக்கோட்டை ஒன்றாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், யாராவது போனால் சொல்லி விடலாம். எல்எம்1875, டிடிஏ2050, எல்எம்3886 மூன்றிலும் போலி நிறைய உலாவுகிறது. எழுத்தைத் தின்னரால் துடைத்தால் அழிகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அதைவிட நம்பகமானது மீட்டர்: எல்எம்1875 சும்மா இருக்கும்போது 70 மில்லி அம்பியர் அளவில் எடுக்க வேண்டும். பத்து பதினைந்து மட்டும் எடுத்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

சுற்று மிகச் சுருக்கம். உள்ளீட்டில் 2.2 மைக்ரோஃபராட் பிலிம் கப்பாசிட்டர், அதன் பிறகு கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். வெளியீட்டில் இருந்து எதிர் உள்ளீட்டுக்கு 20 கிலோ ஓம், அங்கிருந்து 1 கிலோ ஓமும் 22 மைக்ரோஃபராட்டும் தொடராகக் கிரவுண்டுக்கு. கெயின் 21 மடங்கு. வெளியீட்டில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபராட்டும். காலருகே 0.1 மைக்ரோஃபராட்டும் 100 மைக்ரோஃபராட்டும். இவ்வளவுதான். உள்ளீட்டுப் பக்கத்தில் 1 கிலோ ஓமும் அதன் பின் கிரவுண்டுக்கு 330 பிக்கோஃபராட்டும் சேர்த்தால் போன் சத்தமும் பேன் ரெகுலேட்டரின் கரகரப்பும் குறையும். வொலியூமுக்கு 20 அல்லது 50 கிலோ ஓம் லொக் (லொகாரிதமிக்) பொட். லீனியர் போட்டால் கால்வாசி திருப்புவதற்குள் சத்தத்தில் பெரும்பகுதி வந்துவிடும்.

சூட்டுக் கணக்கைத் தவிர்க்க முடியாது. இந்த ஐசிகள் மிக மோசமான நேரத்தில் எவ்வளவு சூட்டைக் கக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மொத்த வோல்டை அதாலேயே பெருக்கி, 20ஐ ஸ்பீக்கர் ஓமால் பெருக்கி வருவதால் வகுங்கள். 48 வோல்ட், 8 ஓம் என்றால் பதினாலரை வாட். இரண்டு பக்கத்துக்கும் 29. நம் ஊரில் பங்குனி சித்திரையில் பகல் 33 பாகை என்றால் பெட்டிக்குள் 40 என்று எடுங்கள். ஐசிக்கு உள்ளே 150 பாகையைத் தாண்டாமல் இருக்க, ஐசியின் உள்தடையையும் மைக்காவையும் கழித்துப் பார்த்தால், இரண்டு ஐசிக்கும் பொதுவான ஹீட்சிங்க் ஒவ்வொரு வாட்டுக்கும் 1.7 பாகைக்கு மேல் சூடேறக்கூடாது. கையளவில் சொன்னால், செட்டை உள்ள கனமான அலுமினியம், ஒரு சாண் நீளம், நாலு அங்குல உயரம். பழைய யூபிஎஸ், வெல்டிங் இன்வெர்ட்டர் கழிவில் நல்லவை கிடைக்கும். ஜன்னல் செய்யும் கடைகளில் விழும் மெல்லிய அலுமினியத் துண்டு போதாது. செட்டைகள் செங்குத்தாக நிற்கும்படி பெட்டிக்கு வெளியே பூட்டுங்கள், படுக்கப் போட்டால் காற்று ஏறாது.

இதே கணக்கை எல்எம்3886க்குப் போட்டுப் பாருங்கள். 24-0-24 ட்ரான்ஸ்போமரில் மொத்தம் 66 வோல்ட், 8 ஓமில் ஒரு ஐசிக்கு 27 வாட் சூடு, இரண்டுக்கும் 54. இதனால்தான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன், ஐசி கூடாது என்பதால் அல்ல. மிக நல்ல ஐசி அது. அதன் உறவான எல்எம்3875ஐ வைத்து ஜப்பானின் 47 லேப் என்ற சிறு நிறுவனம் 1999இல் கெயின்கார்ட் என்ற அம்பை மிகப் பெரிய விலைக்கு விற்றது. உள்ளே இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய பாகங்கள். அதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க ஆட்கள் வீட்டில் இதே மாதிரிக் கட்டத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் கிடைத்து எல்எம்3886 கட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 8ஆம் கால் மியூட். அதில் இருந்து கழித்தல் பக்கத்துக்கு அரை மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால்தான் சத்தம் வரும். அந்தக் காலை வெறுமனே விட்டுவிட்டு 'ஐசி செத்துப் பிறந்தது' என்று வீசியவர்கள் உண்டு.

கட்டி முடித்தவுடன் நேரே பிளக்கில் குத்த வேண்டாம். திருத்துகிற கடை எல்லாவற்றிலும் ஒரு சீரிஸ் பல்ப் இருக்கும், அதை ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய இழை பல்ப், 60 வாட், ட்ரான்ஸ்போமருக்குப் போகும் லைன் வயரில் தொடராக. எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். பல்ப் ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்க வேண்டும், கப்பாசிட்டர் நிரம்புவதன் அடையாளம் அது. பிரகாசமாகவே நின்றால் உடனே நிறுத்துங்கள், எங்கோ ஷோர்ட். அநேகமாகப் பிரிட்ஜ் மாறியிருக்கும், அல்லது ஒரு கப்பாசிட்டர் தலைகீழ். மங்கினால் மீட்டரின் கறுப்பைக் கிரவுண்டில் வைத்து கூட்டல், கழித்தல் இரண்டையும் அளவுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு மீட்டரை மில்லிவோல்டுக்கு மாற்றி ஸ்பீக்கர் முனைகளில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்டுக்குக் கீழே என்றால் நல்லது. 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரைத் தொடவிட வேண்டாம். முழு 24 வோல்ட் வந்தால் ஐசி போய்விட்டது, அல்லது எதிர் உள்ளீட்டு வயர் திறந்திருக்கிறது. முதல் ஒரு மணித்தியாலம் எறிந்துவிடக்கூடிய பழைய ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதைப் பூட்டுங்கள். பயமாக இருந்தால் யூபிசி1237 ஐசி போட்ட ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்ட் ஒன்று வாங்கிச் சேர்க்கலாம். டிசி வந்தால் ரிலே கழன்றுவிடும், சுவிட்ச் போடும்போது வரும் 'டும்' சத்தமும் நிற்கும்.

பெட்டிக்குப் பழைய டிவிடி பிளேயர் கூடு நல்லது. உலோகம் என்றால் மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம், பேச்சே இல்லை. லைனில் 1 அம்பியர் ஸ்லோ பியூஸ். இரைச்சல் போவதற்காக எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். ட்ரான்ஸ்போமரின் காப்பு உடைந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள நம் எழுவான்கரை மணலில் அடித்த எர்த் கம்பி ஆடி ஆவணியில் காய்ந்து தன் வேலையைச் சரியாகச் செய்யாது, ஆகவே வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஈயம் பிடித்த பிறகு அதோடு ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பிசினைக் கழுவித் துடைத்து, போர்டின் பின்பக்கத்துக்கு மெல்லிய வார்னிஷ் அடியுங்கள். உப்புக் காற்றில் கழுவாத போர்ட் ஒரு மாரிக்குள் பச்சை பிடிக்கும். காற்றுத் துவாரங்களுக்கு உள்ளே கொசு வலைத் துண்டு ஒன்று ஒட்டுங்கள், பல்லி 230 வோல்ட் முனைகளில் படுத்து பியூசைக் கொண்டுபோவது நம் பக்கத்தில் புதினமே இல்லை. ஐப்பசி இடி முழக்கத்துக்குப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

கட்டும் ஆசை இல்லை, பாட்டுக் கேட்டால் போதும் என்கிறவர்களுக்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். டிபிஏ3116 போட்ட டி வகுப்பு போர்ட் ஒன்றும் பழைய லப்டொப்பின் 19 வோல்ட் சார்ஜரும் இருந்தால் அதே 8 ஓம் ஸ்பீக்கரில் இருபது வாட் வந்துவிடும். விரலளவு ஹீட்சிங்க் போதும், நம் வெயிலுக்கு அது பெரிய விஷயம். ஒரே எச்சரிக்கை: அதில் ஸ்பீக்கரின் இரண்டு வயரும் உயிருள்ளவை, கறுப்பைக் கிரவுண்டோடு சேர்த்தால் போர்ட் எரியும். எனக்கு எல்எம்1875இன் சத்தம் பிடிக்கும், ஆனால் மறைத்துவைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் அடையாளம் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

கடைசியாகக் கூத்துப் பழகும் இடம். ஒரு வீட்டு முற்றத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாட, பத்துப் பேர் சுற்றி நின்று பழகும்போது முன்பு பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டுவதற்கு இந்த அம்ப் தாராளம். மைக்கைச் செருகித் திறந்த களரியில் ஊருக்குக் கேட்கச் செய்வதற்கு இது உதவாது. மைக் தருவது சில மில்லிவோல்ட் மட்டும், 21 மடங்கு பெருக்கினாலும் ஸ்பீக்கர் முணுமுணுக்கும். இடையில் சின்ன மிக்சர் ஒன்று வேண்டும். மத்தளமும் சல்லரியும் பக்கத்தில் ஒலிக்கும்போது அவற்றைத் தாண்டிக் குரல் கேட்க வீட்டு ஸ்பீக்கராலும் ஏலாது. கோயிலில் கட்டும் குழல் ஸ்பீக்கரை இரவல் வாங்கிப் பூட்டலாம் என்று நினைத்தால், முதலில் அதன் பின்னால் லைன் ட்ரான்ஸ்போமர் இருக்கிறதா என்று பாருங்கள். 100 வோல்ட் லைனுக்குச் செய்தது என்றால் உங்கள் அம்பில் சத்தம் மிகக் குறைவாகத்தான் வரும். நேரடி 16 ஓம் யூனிட் என்றால் வேலை செய்யும், ஆனால் கூட்டல் வயரில் 47 மைக்ரோஃபராட் அளவில் கூட்டல் கழித்தல் பக்கம் இல்லாத (நொன்-போலர்) கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். இல்லாவிட்டால் மத்தளத்தின் தாழ்ந்த அடி அந்தச் சின்ன டயாபிரத்தைக் கிழித்துவிடும், இரவல் கொடுத்தவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.